ஒண்ணாம் வகுப்பு டீச்சரைக் கேளுங்க

31 வருஷம் ஒண்ணாம் வகுப்புக்கும் ரெண்டாம் வகுப்புக்கும் மட்டுமே பாடம் எடுத்தவ நான். எந்த ஸ்கூல் நல்ல ஸ்கூல், எந்த ஆப் நல்ல ஆப்னு கேட்டா என்கிட்ட பதில் கிடையாது. மத்ததைக் கேளுங்க.

பொண்ணுக்கு ஆறு வயசு. 3, 7 ரெண்டையும் கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பி எழுதறா. ஏதாவது குறைபாடா?

ஆறு வயசுல இது சர்வசாதாரணம். கப்போட கைப்பிடி இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் அது கப்புதான்னு பொறந்ததுலேர்ந்து பழகின மூளை அது. திடீர்னு 3 மட்டும் திரும்பிட்டா 3 இல்லைன்னு சொன்னா அதுக்குக் கொஞ்சம் நாள் பிடிக்காதா? பெரும்பாலும் 7, 8 வயசுக்குள்ள தானா சரியாகிடும். அதுக்கு மேலயும் நீடிச்சு, வாசிக்கவும் திணறினா சிறப்புக் கல்வி ஆசிரியர்கிட்ட காட்டுங்க. அதுவரைக்கும் தப்பா எழுதினதை அழிக்கச் சொல்லாதீங்க. பக்கத்துலயே ஒரு தடவை சரியா எழுதட்டும், ரெண்டும் கண்ணுல படட்டும். ரப்பரை ஒளிச்சு வைங்க.

கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு. தினமும் எத்தனை பக்கம் எழுத வைக்கலாம்?

பக்கமா! மூணு வரி போதும். மணிக்கட்டுல இருக்கற 8 எலும்பும் அந்த வயசுல முழுசா இறுகியிருக்காது. களிமண் உருட்டட்டும், கத்தரிக்கோலால காகிதம் வெட்டட்டும், ஈரத்துணி பிழியட்டும். விரல்ல பலம் வந்தா எழுத்து தானா நிமிரும். கையைப் பிடிச்சு நீங்க எழுதாதீங்க, அப்ப எழுதறது உங்க கைதான். ரப்பர் விஷயம் இங்கயும் பொருந்தும்.

காலையில எழுந்திருக்கவே மாட்டேங்கறான். தினமும் யுத்தம்.

ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கறான்னு எழுதலையே நீங்க. 6 வயசுலேர்ந்து 12 வயசு வரைக்கும் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேணும். காலையிலேர்ந்து பின்னாடி எண்ணிப் பாருங்க.

விரல் விட்டு எண்ணறான். எப்படி நிறுத்தறது?

நிறுத்தாதீங்க. எப்படி எண்ணறான்னு கவனிங்க. 8-ம் 5-ம் கூட்டச் சொன்னா, ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சு மொத்தத்தையும் எண்ணறானா? அது முதல் படி. எட்டை மனசுல வெச்சுக்கிட்டு ஒன்பது, பத்துன்னு மேல போறானா? ரெண்டாவது படி. அஞ்சுலேர்ந்து ரெண்டை எடுத்து எட்டைப் பத்தாக்கி, மிச்சம் மூணுன்னு சொல்ற அன்னிக்கு விரல் தானாவே மடங்கிடும். கையைத் தட்டிவிட்டா மேஜைக்கு அடியில எண்ணுவான், அவ்வளவுதான்.

பேரனுக்கு அ, ஆ விட்டுட்டு ட, ப, ம-ன்னு ஆரம்பிச்சிருக்காங்க. என்ன கூத்து இது டீச்சர்?

கூத்து இல்லைங்க ஐயா. 'அ' எழுதிப் பாருங்க. சுழி, வளைவு, குறுக்குக் கோடு, செங்குத்துக் கோடு எல்லாம் அந்த ஒரு எழுத்துலயே இருக்கு. 'ட'வுக்கு ரெண்டு கோடு, 'ப'வுக்கு மூணு. இன்னொரு லாபம், ட, ப, ம மூணோட புள்ளியும் தெரிஞ்சா படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வாசிச்சிடலாம். 'ர'வைச் சேர்த்தா மரம், ரம்பம், பம்பரம். அ-லேர்ந்து ஔ வரைக்கும் 12 எழுத்தையும் எழுதி முடிச்ச குழந்தைக்கு வாசிக்க எத்தனை வார்த்தை கிடைக்கும்? ஆ, ஈ, அப்புறம்?

(அதே ஐயா) நாங்க எல்லாம் ஆனா ஆவன்னாவுல தொடங்கினவங்கதான். படிக்காமலா போயிட்டோம்? வரிசைதான் மொழிக்கு அழகு.

வரிசையை வாயால சொல்லட்டும், பாட்டாப் பாடட்டும், யார் வேண்டாங்கறா? கைக்குத்தான் வடிவம் முக்கியம்.

(வேற ஒருத்தர்) ஐயா சொல்றதுதான் சரி. வரிசை தெரியாம அகராதி எப்படிப் பார்ப்பான்?

ஆறு வயசுல அகராதியா?

(இன்னொருத்தர்) எந்த வரிசையா இருந்தா என்ன, 247-ஐயும் மனப்பாடம் பண்ணித்தானே ஆகணும்?

இல்லவே இல்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216-ம் பெரும்பாலும் கூட்டல் கணக்கு. 'க' தெரியும், கால் தெரியும், அப்ப 'கா' தெரியும். முரண்டு பிடிக்கறது உ, ஊ வரிசை. கு, சு, டு, து ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தினுசு. அதைவிட வம்பு கொம்பு. 'கெ'யில கொம்பை முதல்ல எழுதிட்டு அதோட சத்தத்தைக் கடைசியில சொல்லணும். 'கொ'ல க-வுக்கு ரெண்டு பக்கமும் காவல். இங்க குழந்தை தடுமாறினா மக்குனு அர்த்தமில்லை. கண்ணுக்கும் வாய்க்கும் வரிசை மாறுது, அவ்வளவுதான். இதுக்குக் கூடுதலா ரெண்டு வாரம் ஒதுக்குவேன் நான்.

(அந்த ஐயா மறுபடியும்) நான் பழைய முறையில 'லை'க்கு யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு போட்டு எழுதினா பேரன் சிரிக்கறான்.

சிரிக்கட்டும் ஐயா, நீங்க எழுதிக் காட்டுங்க! தமிழ்நாட்டுல 1978-ல எழுத்துச் சீர்திருத்தம் வந்தப்ப ணா, றா, னாவோட ணை, லை, ளை, னை, இன்னும் சிலதும் சேர்த்து 13 எழுத்து மாறிச்சு. அப்ப நான் மாணவி. பாதிப் படிப்பு தும்பிக்கையோட, மீதி தும்பிக்கை இல்லாம. பழைய புத்தகம் ஏதாவது இருந்தா அவனையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க, ஒரு மணி நேரம் சத்தமே வராது.

கையெழுத்து அழகாக என்ன செய்யலாம் டீச்சர்?

மேல பாருங்க.

ஒண்ணாம் வகுப்புக்கு டியூஷன் அவசியமா?

வேண்டாம்.

முதல் வாரம், வாசல்லயே அழுகை. உள்ள போய் உக்கார வெச்சுட்டு வரலாமா?

வேண்டாம்மா. "மணி அடிச்சதும் வந்துடுவேன்"னு சொல்லிட்டுக் கிளம்புங்க, சொன்னபடி வந்து நில்லுங்க. சொல்லாம நழுவறதும் ஜன்னல்ல எட்டிப் பார்க்கறதும்தான் அழுகையை நீட்டும்.

எழுத்து கோணலா வருது, என்ன நோட்டு வாங்கலாம்?

கையெழுத்துக் கேள்விக்கு இன்னிக்கு இதோட கடை சாத்தியாச்சு. எந்த நோட்டானாலும் சரி, கூட ரப்பர் வாங்காதீங்க.

ஸ்கூல்ல என்ன நடந்ததுன்னு கேட்டா "ஒண்ணுமில்ல"ங்கறான்.

பெரிய கேள்வி கேட்டா அப்படித்தான். "இன்னிக்கு உன் பக்கத்துல யார் உக்காந்தா?"னு கேட்டுப் பாருங்க. அதுவும் வாசல்லயே வேண்டாம், கைகால் கழுவிட்டு வரட்டும்.