புறநகர்க் குடியிருப்பின் குற்றக் கணக்கும் பாதுகாப்பும்: கேள்வி பதில்

குற்றப் பதிவுகளை அலசும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால், புறநகர்க் குடியிருப்புகளின் பாதுகாப்பு பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு என்னால் இயன்ற பதில்களைத் தருகிறேன்.

கேள்வி: நான் வீடு பார்த்து வைத்திருக்கும் புறநகரில் குற்ற விகிதம் போன ஆண்டைவிட இரு மடங்கு என்று ஓர் இணையதளம் காட்டுகிறது. அந்த எண்ணத்தைக் கைவிட்டுவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். பதிவான குற்றங்களை அங்கே குடியிருப்போரின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு லட்சம் பேருக்கு இவ்வளவு என்று சொல்வதுதான் குற்ற விகிதம். 4,000 பேர் வாழும் பகுதியில் 4 வீடுகளில் திருட்டு நடந்தால் விகிதம் 100. மறு ஆண்டு 8 வீடுகள் என்றால் 200. ஒரே திருடன் ஒரே இரவில் நான்கு வீடுகளில் கைவரிசை காட்டியிருந்தாலும் கணக்கு இரு மடங்காகிவிடும். இன்னொரு சிக்கல், வகுக்கும் எண்ணில் இருக்கிறது. அந்தப் பகுதியில் ஒரு பெரிய வணிக வளாகமோ ரயில் நிலையமோ இருந்தால், அங்கே வந்துபோகும் ஆயிரக்கணக்கானோர் வகுக்கும் எண்ணில் சேர மாட்டார்கள். ஆனால் அங்கே நடக்கும் திருட்டு முழுவதும் குடியிருப்போர் தலையில் எழுதப்படும். எனவே ஐந்தாண்டுக் கணக்கை எடுத்து, வீடு புகுந்து திருடுதல், வழிப்பறி, வாகனத் திருட்டு எனத் தனித்தனியாகப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் புகார்கள் கூடியிருக்கின்றன. குற்றம் கூடிவிட்டது என்றுதானே பொருள்?

அப்படியும் இருக்கலாம்; புகார் கொடுப்பது எளிதாகியிருக்கவும் கூடும். இதைப் பிரித்தறியத்தான் பாதிக்கப்பட்டவர்களையே நேரில் கேட்கும் ஆய்வுகளை அமெரிக்கா 1973 முதலும், இங்கிலாந்தும் வேல்ஸும் 1982 முதலும் நடத்தி வருகின்றன. அண்மை ஆண்டுகளின் அமெரிக்க ஆய்வுகளின்படி, சொத்துக் குற்றங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான் காவல்துறையின் காதுக்கு எட்டுகிறது. காப்பீட்டுப் பணம் வாங்கப் புகார் தேவைப்படுவதால் வாகனத் திருட்டை மட்டும் பெரும்பாலோர் தவறாமல் பதிகிறார்கள். ஆகவே, இரண்டு பகுதிகளை ஒப்பிடும்போது வாகனத் திருட்டுக் கணக்கைத்தான் நான் முதலில் நம்புவேன்.

கேள்வி: பக்கத்து வீட்டில் போன வாரம் திருட்டு. ஒருமுறை வந்த தெருவுக்குத் திருடன் மறுபடி வர மாட்டான் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நாங்கள் நிம்மதியாக இருக்கலாமா ஐயா?

பெரியவர்கள் சொல்வதற்கு நேர்மாறாகத்தான் பதிவுகள் இருக்கின்றன. திருட்டு நடந்த வீட்டுக்கும், அதைச் சுற்றிச் சில நூறு மீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்கும், அடுத்த சில வாரங்களில் ஆபத்து வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும். பிறகு மெல்லத் தணியும். காரணம் எளிது. வழி எது, நாய் உண்டா, எந்த நேரத்தில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதெல்லாம் அவனுக்கு இப்போது தெரியும். ஒரே காலத்தில் கட்டிய வரிசை வீடுகள் என்றால், ஒரு கதவைத் திறந்தவனுக்கு மற்ற கதவுகளும் பழகியவைதான். பறிபோன பொருளுக்குப் பதிலாகப் புதியது வந்திருக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

இதை நடைமுறையில் சோதித்த இடம் இங்கிலாந்தின் ராச்டேல் நகரையொட்டிய கிர்க்ஹோல்ட் குடியிருப்பு. 1980-களில் அங்கே திருட்டு நடந்த வீடுகளை மட்டும் உடனே பலப்படுத்தினார்கள்; காசு போட்டு மின்சாரம் பெறும் மீட்டர்களில் பணம் குவிந்து கிடந்ததால் அவற்றை அகற்றினார்கள்; சுற்றியிருந்த ஆறு வீட்டார் அளவில் அந்த வீட்டின்மேல் ஒரு கண் வைத்திருக்கக் கேட்டுக்கொண்டார்கள். திருட்டு பெருமளவு சரிந்தது. ஆகவே, உடைந்த கதவை அன்றே சரிசெய்யப் பக்கத்து வீட்டாருக்கு உதவுங்கள். அடுத்த இரண்டு மாதங்களுக்கு இருவரும் வெளியே போவதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேமரா பொருத்தினால் போதுமா?

முதலில் கதவைப் பாருங்கள். திருட்டு நடந்த ஒரு வீட்டில் நான் கண்டது இன்னும் நினைவில் இருக்கிறது. விலையுயர்ந்த பூட்டு கீறல்கூட இல்லாமல் கதவிலேயே இருந்தது; பூட்டின் நாக்கு போய்ப் பொருந்தும் இரும்புத் தகடு மட்டும், விரல் நுனி அளவுள்ள நான்கு திருகுகளோடு தரையில் கிடந்தது. நெம்பியவன் பூட்டைத் தொடவேயில்லை, நிலையைத்தான் பிளந்திருக்கிறான். மரநிலையைத் துளைத்துச் சுவர்வரை இறங்கும் நீளமான திருகுகள் நான்கு போதும். அந்தக் கதவு எளிதில் திறந்திருக்காது. கேமராக்கள் வாகன நிறுத்தங்களில் நல்ல பலன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மற்ற இடங்களில் பலன் ஒரே சீராக இல்லை.

கேள்வி: தெருவிளக்குகள் கேட்டு மனு கொடுக்கிறோம். பயன் உண்டா?

இரவில், வெளியிடங்களில், உண்டு. 2016-ல் நியூயார்க்கின் அரசுக் குடியிருப்புகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து விளக்குக் கோபுரங்கள் நிறுத்தியபோது, இரவு நேர வெளியிடக் கடுங்குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. ஆனால் புறநகர் வீட்டுத் திருட்டில் கணிசமான பங்கு, எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்ட பகலில் நடக்கிறது. அதற்கு விளக்கு என்ன செய்யும்?

கேள்வி: முட்டுச்சந்தில் இருக்கும் வீடு பாதுகாப்பானதா?

பொதுவாக ஆம். பின்புறம் நடைபாதை திறந்திருந்தால் இல்லை.

கேள்வி: குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் தினமும் யாரோ ஒருவருடைய படத்தைப் போட்டு எச்சரிக்கிறார்கள். தெருவில் நடக்கவே என் மனைவிக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

1989-ல் வெளியான மினியாபோலிஸ் ஆய்வில், நகரின் முகவரிகளில் சுமார் 3 சதவீதத்திலிருந்துதான் காவல்துறைக்கான அழைப்புகளில் பாதி வந்திருந்தன. குற்றம் தெரு முழுவதும் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. சில முனைகளில், சில நேரங்களில் கூடுகிறது. குழுவில் வரும் படங்களோ, பொட்டலம் கொண்டுவரும் பையனையும் முகவரி தேடும் உறவினரையும் ஒரே தட்டில் வைத்துவிடுகின்றன. (ஒருமுறை எங்கள் குழுவில் என் படமே வந்தது, இரவு நடை போயிருந்தேன்.) ஆளின் தோற்றத்தை எழுத வேண்டாம், செய்த காரியத்தை எழுதுங்கள் என்று குழுவில் ஒரு விதி வைக்கச் சொல்லுங்கள்: எந்த நேரம், எந்த வீட்டின் முன், என்ன செய்தார், எந்தத் திசையில் போனார், வாகன எண் என்ன. ஒரு மாதம் அப்படி எழுதினால், உங்கள் மனைவி எந்த முனையை, எந்த நேரத்தில் தவிர்த்தால் போதும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.