ஈ, தா, கொடு

கேள்வி: பெண்களில் பலருக்கு உச்சம் அடையும் திறனே இயல்பில் குறைவு என்று படித்தேன். இது உண்மையா? அப்படியானால் ஓர் ஆண் தன் துணைக்கு உச்சத்தைக் கொடுப்பது எப்படி? (பெயர் வேண்டாம் என்கிறார் வாசகர்)

பதில்: முதல் கேள்விக்கு ஒரே சொல் போதும்: பொய். இரண்டாவதில் இருக்கும் 'கொடுப்பது' என்ற வினைச்சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

ஒருவரிடம் ஒன்றைக் கேட்பதற்கு நம் பழைய இலக்கணம் மூன்று சொற்களை வகுத்திருக்கிறது. தாழ்ந்தவன் 'ஈ' என்பான், ஒத்தவன் 'தா' என்பான், உயர்ந்தவன் 'கொடு' என்பான். இன்பம் ஆணின் கைவசம் இருக்கிறது, பெண் அதைப் பெற்றுக்கொள்கிறாள் என்ற கணக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பெண் இந்த மூன்றில் எதைச் சொல்லிக் கேட்க வேண்டும்? உங்கள் மனத்தில் இருப்பது 'ஈ' என்று தோன்றுகிறது. என் வாக்கு 'கொடு' என்பதற்குத்தான் என்றாலும், உண்மையில் மூன்றுமே பொருந்தாது. கேட்கப்படும் பொருள் கேட்பவரின் உடம்பிலேயே இருக்கிறது.

அந்த உறுப்பின் பெயர் கிளிட்டோரிஸ். அதற்கு மொட்டு, காம்பு என்றெல்லாம் பெயர் சூட்டி, பெண்ணுடலைத் தோட்டக்கலைக்குப் பட்டா எழுதிக் கொடுத்துவிட்ட கலைச்சொல்லாக்கப் பெரியவர்களுடன் எனக்குள்ள சண்டை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குப் பழையது. கவிதை கூடிவிட்டதே என்பதல்ல என் புகார். உடற்கூறு தப்பிவிட்டது என்பதுதான். வெளியே தெரியும் சிறிய நுனி, உறுப்பின் ஒரு பகுதி மட்டுமே. அதன் தண்டு உள்ளே வளைந்து, இரண்டு கால்களாகப் பிரிந்து இடுப்பெலும்பை ஒட்டிச் செல்கிறது. யோனியின் இரு பக்கமும் கிளர்ச்சியின்போது இரத்தம் நிறைந்து புடைக்கும் இரண்டு திசுக்குமிழ்கள் இருக்கின்றன. இதையெல்லாம் கோபெல்ட் என்ற ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் 1844இலேயே வரைந்து காட்டியிருந்தும், ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓகானெல் 1998இல் மறுபடி ஆராய்ந்து எழுத வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்துப் பாடநூல்கள் பல அந்த உறுப்பை அரைகுறையாகவே காட்டின. தோட்டத்து உவமைதான் வேண்டுமென்றால் கிழங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

இதில் 8,000 நரம்பிழைகள் இருப்பதாகப் பத்திரிகைகள் நெடுங்காலம் எழுதின. நானும் ஒருமுறை, மிகுந்த தன்னம்பிக்கையுடன், இதே பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அந்த எண் மாடுகளை வைத்துச் செய்த ஆய்விலிருந்து வந்தது என்று பிறகு தெரிந்தது! ஆகவே நான் தெரிவித்த தகவல் பிழையற்றது, தெரிவித்த இடம்தான் தவறு. கால்நடை வளர்ப்பிதழ் ஒன்றில் அது பாராட்டும் பெற்றிருக்கும். அறுவைச் சிகிச்சையில் கிடைத்த மனிதத் திசுவில் நேரடியாக எண்ணிய கணக்கு 2022இல்தான் வெளிவந்தது. சராசரி 10,000க்குச் சற்று மேல். பெண்ணின் இன்பத்தைப் பற்றி அறியப் புறப்பட்டவர்கள் பசுவை முதலிலும் பெண்ணைப் பின்னாலும் விசாரித்த வரிசையை நினைத்தால், உங்கள் கேள்வியின் மீது எனக்குக் கோபம்கூட வரவில்லை.

கோபமெல்லாம் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்டின் மீதுதான். இந்தப் பக்கத்தில் அவரைத் திட்டாமல் ஒரு மாதம் கழியாதா என்று கேட்பவர்கள் அடுத்த மாதம்வரை பொறுத்திருக்கவும். கிளிட்டோரிஸில் எழும் இன்பம் சிறுமிப் பருவத்துக்குரியது, முதிர்ந்த பெண்ணுக்கு அது யோனிக்கு இடம்பெயர்ந்துவிட வேண்டும் என்று 1905இல் அவர் எழுதினார். நெப்போலியனின் தம்பி லூசியனின் கொள்ளுப்பேத்தி மரீ போனபார்ட் இந்தக் கவலையில் பாதி வாழ்நாளைச் செலவிட்டார். 1924இல் புனைபெயரில் வெளியிட்ட ஆய்வுக்காக, 243 பெண்களிடம் நுனிக்கும் யோனி வாய்க்கும் உள்ள தூரத்தை அளவெடுத்தார். பின்னர் தன் உறுப்பையே இடம் மாற்றி வைக்கச் சொல்லி மூன்று முறை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார், பலனில்லை. ஓர் உறுப்பு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது என்று அவரிடம் சொல்ல ஒருவரும் இல்லாமல் போனதை நினைத்தால், ஃபிராய்டைத் திட்டுவதற்கு ஒரு பக்கம் போதவில்லை. 1966இல் அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும், தூண்டல் எங்கே தொடங்கினாலும் உச்சத்தில் உடல் செய்வது ஒன்றே என்று ஆய்வுக்கூடத்தில் பதிவு செய்தார்கள், ஏறத்தாழ 0.8 நொடி இடைவெளியில் தசைகள் சுருங்கி விரிகின்றன. அடுத்த உச்சத்துக்கு ஆணைப் போல ஓய்வெடுத்துக் காத்திருக்கத் தேவையில்லாத பெண்கள் உண்டென்றும் சொன்னார்கள். திறன் யாருக்குக் குறைவு என்று இனி நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் 52,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2018இல் வெளிவந்த ஆய்வில், உறவின்போது பெரும்பாலும் அல்லது எப்போதும் உச்சம் அடைவதாகச் சொன்னவர்கள், எதிர்பாலின ஈர்ப்புள்ள ஆண்களில் 95 சதவீதம், அதே ஈர்ப்புள்ள பெண்களில் 65 சதவீதம். இந்த இரண்டு எண்களோடு நிறுத்திக்கொண்டவர்தான் நீங்கள் படித்ததை எழுதியிருக்க வேண்டும். பெண்களையே விரும்பும் பெண்களில் அது 86 சதவீதம். உறுப்பு அதே உறுப்பு, நரம்பு அதே நரம்பு. இயல்பிலேயே குறைவான திறன் துணை மாறியதும் எப்படி ஏறும்? அதே ஆண்டு வந்த இன்னோர் அமெரிக்க ஆய்வில், வெறும் புணர்ச்சியே உச்சத்துக்குப் போதும் என்ற பெண்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. அந்த 'வெறும்' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால், உங்கள் கேள்வியில் மீதமிருக்கும் சிக்கல் பெரும்பாலும் அவசரம்தான். நெருங்கி வரும் வேளையில், உற்சாக மிகுதியால், ஆண் வேகத்தையும் முறையையும் மாற்றிவிடுகிறான். அப்போது தேவைப்படுவது அப்படியே தொடர்வதுதான்.

மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், சர்க்கரை நோய், மாதவிடாய் நின்ற பின் வரும் வறட்சி, அச்சம் ஆகியவையும் தடையாவதுண்டு. வலி இருந்தால் பொறுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் போக வேண்டும். ஒருமுறைகூட உச்சம் கண்டிராத பெண்ணுக்குப் பாலியல் மருத்துவர்கள் முதலில் சொல்லும் பயிற்சி, தனிமையில் தன் உடலைத் தானே தொட்டு அறிவது. அதில் கொடுப்பவர் என்று எவரும் கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் கடிதத்தில் முதலில் 'என் மனைவிக்கு' என்று எழுதி, நான்கு கோடுகள் போட்டு அடித்து, மேலே 'பெண்களில் பலருக்கு' என்று திருத்தியிருக்கிறீர்கள். நல்ல பேனா, அடித்த பிறகும் தெளிவாகப் படிக்க முடிகிறது. திருத்தத்துக்கு முந்தைய கேள்விக்குப் பதில் தெரிந்தவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். எப்படித் தொட்டால் பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை, இதுவரை எதையாவது நடித்தாரா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் முகம் சுளிக்காதீர்கள். தனிப்பட்ட பதிலுக்காக நீங்கள் இணைத்திருந்த தபால்தலையைத் திருப்பி அனுப்புகிறேன். அவரிடம் கேட்பதற்கு அது தேவைப்படாது.