வெங்காய விதை வாங்கினேன், தாள் மட்டும்தான் வந்தது

கேள்வி: மாடித்தோட்டத்துக்காக ஆன்லைனில் 'வெளிநாட்டு இனிப்பு வெங்காயம்' விதை வாங்கினேன். பாதிகூட முளைக்கவில்லை. முளைத்ததும் நாலு மாதமாகத் தாளாகவே நிற்கிறது, காய் பிடிக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? (வாசகி, மதுரை)

பதில்: தாராளமாகக் கேட்கலாம். ஆனால் இதில் இரண்டு குறை இருக்கிறது, இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

காய் பிடிக்காததற்கு உங்கள் மண்ணோ உரமோ காரணமாக இருக்காது. வெங்காயம் பகல் நீளத்தைப் பார்த்துத்தான் காய் வைக்கும். குளிர்நாடுகளுக்கென்று உருவான ரகங்களுக்கு 14 மணி நேரப் பகலாவது வேண்டும். நமக்கு ஜூன் மாதத்தில்கூட 13 மணி நேரம் வராது. நாலு மாதமென்ன, நாற்பது மாதம் தண்ணீர் விட்டாலும் தாள்தான்! (நறுக்கி முட்டைப் பொரியலில் போடுங்கள், அதுவாவது மிச்சம்.) பெரிய வெங்காயம்தான் வேண்டுமென்றால் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா கல்யாண் மாதிரி நம் பகலுக்கு ஏற்ற ரகமாகக் கேட்டு வாங்குங்கள்.

முளைப்பு வேறு விஷயம். வெங்காய விதை சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். சாதாரண அறையில் ஓராண்டு தாண்டினாலே சந்தேகம்தான். விற்கிற விதைக்குக் குறைந்தது 70 சதவீத முளைப்பு இருக்க வேண்டும் என்பது அரசு விதி. பொட்டலத்தில் ரகத்தின் பெயர், குவியல் எண் (லாட் நம்பர்), சோதனை செய்த தேதி, முளைப்புத் திறன் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். பளபளவென்று படம் மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். மீதி விதை இருந்தால் 20 எண்ணி ஈரத்துணியில் மடித்து வையுங்கள். 12 நாளில் 14-ஆவது முளைக்க வேண்டும். முளைக்காவிட்டால் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். 'எல்லா ஊருக்கும் ஏற்றது' என்று விளம்பரத்தில் இருந்தால் அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், காய் பிடிக்காத குறைக்கு அதுதான் வலுவான சாட்சி. பதில் வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். விதைப் பொட்டலம் மாதிரி சின்னத் தொகைக்கு அதுவே போதும். அதற்கும் மசியவில்லையென்றால் நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

கேள்வி: சமையலுக்கு வாங்கிய சின்ன வெங்காயத்தையே நடலாமா, 'விதை வெங்காயம்' என்று தனியாக விற்பதை வாங்கணுமா? (வாசகர், திருச்சி)

பதில்: செடி வளர்க்கும் பை நாலைந்துக்கு மளிகைக்கடை வெங்காயமே போதும். இரட்டிப்பு விலை கொடுக்காதீர்கள். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: புதுசாகப் பிடுங்கியது வேண்டாம், அது உறக்கத்தில் இருக்கும், சீக்கிரம் முளைக்காது. பட்டறையில் (வெங்காயத்தைக் காற்றோட்டமாகச் சேமிக்கும் இடம்) இரண்டு மாதமாவது கிடந்த பழைய வெங்காயம், நடுத்தர அளவு, கழுத்தை அமுக்கினால் கெட்டியாக இருப்பது நல்லது. கழுத்துப் பகுதி கொழகொழவென்றிருந்தால் ஒதுக்கிவிடுங்கள், பையோடு அழுகும்.

சித்திரை, வைகாசியிலோ ஐப்பசியிலோ, நாலு விரல் இடைவெளியில், நுனி வெளியே தெரியும்படி ஊன்றுங்கள். 65, 70 நாளில் தாள் சாயும், அப்போது பிடுங்கலாம். அதற்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள்.

விதையிலிருந்துதான் வளர்க்க ஆசையென்றால், கோவை வேளாண் பல்கலையின் கோ 5 பூத்து விதை கொடுக்கும் சின்ன வெங்காய ரகம். நாற்று விட்டு நடுவதால் அதற்கு நாள் கூடப் பிடிக்கும்.