ஒற்றைச் செருப்பு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

எனக்கு 36 வயது. காலடிப்பேட்டையில் இருக்கிறேன். பாரிமுனையில் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. இரண்டரை வருடத்துக்கு முன்னால் 121 கிலோ இருந்தேன், சர்க்கரையும் இருந்தது. எடை குறைய வயிற்றில் பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டேன். (பைபாஸ் என்றாலே எல்லோரும் ‘ஹார்ட்டா?’ என்கிறார்கள்.) இப்போது 77 கிலோ. சர்க்கரை மாத்திரையை டாக்டரே நிறுத்திவிட்டார். முட்டி வலி போய்விட்டது. ஆனால் கை, வயிறு, தொடை எல்லா இடத்திலும் தோல் தொங்குகிறது. ஷேர் ஆட்டோவில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கவே கூச்சமாக இருக்கிறது. ஆறு வயது மகள் என் கைத் தோலைத் தட்டி ஆட்டிச் சிரிக்கிறாள். அன்றைக்கு பாத்ரூமில் போய் அழுதேன். முடியும் பழையபடி இல்லை.

ஆபரேஷன் விஷயம் வீட்டில் நான்கு பேருக்குத்தான் தெரியும். கேட்பவர்களிடம் வாக்கிங், கொள்ளு என்று சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் 22 வயதுப் பெண் ஒருத்தி, நான் முன்பு இருந்த எடை, அதை நம்பி மூன்று மாதமாகக் கொள்ளுக் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறாள். நான் செய்வது தப்பா? உண்மையைச் சொல்லிவிட வேண்டுமா?

மற்றபடி நன்றாக இருக்கிறேன். சத்து மாத்திரைகூட ஒரு வருடமாக நிறுத்திவிட்டேன், தினமும் முருங்கைக்கீரை சூப்தான். ஹீமோகுளோபின் 12. பாதம் மட்டும் கொஞ்சம் மதமதவென்று இருக்கிறது, ஆபீஸ் ஏசியால் இருக்கும்.

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. ராயபுரம் வீட்டுப் பரணில் கிடந்த அவளுடைய டிரங்குப் பெட்டியை இந்த வாரம்தான் இறக்கினேன். அதற்குள் நைனாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று இருந்தது. நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, குங்குமம் படிந்த காகிதம். அதைப் பார்த்த மூன்றாம் நாள் உங்கள் கடிதம் வந்தது. கடைசி இரண்டு வரியைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். எடை வேகமாக இறங்கும்போது மூன்று, நான்கு மாதத்தில் முடி கொட்டும். பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். இரண்டரை வருடம் கழித்தும் முளைக்கவில்லை என்றால் இரும்புச்சத்தும் புரதமும் போதுமான அளவு உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும், எண்ணெயை மாற்றுவதில் பயன் இல்லை. தோலும் அப்படித்தான். வருடக்கணக்கில் இழுபட்ட தோல் எந்தக் கிரீமுக்கும் சுருங்காது. உடற்பயிற்சி தோலுக்கு அடியில் தசையை வளர்க்கும், தோலை எடுக்காது. எடுக்க ஆபரேஷன் இருக்கிறது. எடை ஒரே இடத்தில் நின்ற பிறகுதான் செய்வார்கள். இரும்பும் புரதமும் குறைவாக இருக்கும் உடம்பில் தையல் லேசில் ஆறாது. அதுவரை மடிப்புகளில் ஈரம் தங்காமல் துடைத்து, பருத்தித் துணி போடுங்கள். நம் ஊர் வேர்வைக்கு அந்த இடம் சீக்கிரம் புண்ணாகிவிடும்.

மகள் தட்டி விளையாடுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் நைனாவுக்கு நெஞ்சுக்குழியில் தொடங்கித் தொப்புளைத் தாண்டி இறங்கும் ஒரு தழும்பு உண்டு. இரண்டு பக்கமும் தையல் போட்ட புள்ளிகள். வெயில் காலத்தில் சட்டையில்லாமல் திண்ணையில் சாய்ந்திருப்பார். நானும் தங்கச்சியும் அந்தத் தழும்பில் விரலை வைத்து ரயில் விடுவோம். தொப்புள்தான் ராயபுரம் ஸ்டேஷன். அவர் கூச்சத்தில் நெளிந்துகொண்டே ‘வண்டி நின்னு போவும், ஏறுறவன்லாம் ஏறு’ என்பார். அது வெட்டுப்பட்ட வயிறு என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை, அது நைனாவின் வயிறு. உங்கள் பெண்ணுக்கு அது அம்மாவின் கை, அவ்வளவுதான். அவளை ஒருநாளும் அதட்டிவிடாதீர்கள்.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன்.

ஏம்மா, யாரைக் கேட்டு நிறுத்தினீங்க? மாத மாதம் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் பெண், சொந்த உடம்பின் கணக்கை முருங்கைக்கீரை சூப்பில் எழுதலாமா? ‘மாத்திரைகூட நிறுத்திவிட்டேன்’ என்று ஏதோ பரீட்சையில் தேறிய மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நம் வீடுகளில் இது பரம்பரை வியாதி. மாத்திரை என்றால் நோயாளி, நிறுத்திவிட்டால் ஆரோக்கியம். காய்ச்சல் விட்ட மறுநாள் மீதி மாத்திரையை அலமாரியில் போடும் அதே புத்தி. நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தது நோய்க்கான மருந்து இல்லையம்மா. உங்கள் வயிறு செய்துகொண்டிருந்த வேலையை இனி வெளியிலிருந்து செய்வதற்கான ஏற்பாடு அது. அந்த வேலையைச் செய்த இடத்தைச் சாப்பாட்டுப் பாதையிலிருந்து ஒதுக்கிவிட்டார்கள். ஒதுக்கியது ஒதுக்கியதுதான், ஆகவே மாத்திரையும் ஆயுளுக்கும்தான்.

நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அல்சர் முற்றி 1981இல் வயிற்றில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டு, மீதியைச் சிறுகுடலோடு சேர்த்துத் தைத்தார்கள். அந்தக் காலத்தில் முற்றிய அல்சருக்கு அதுவும் ஒரு வழி. வேளைக்குச் சாப்பிடாததால் வந்தது, மிளகாயால் வந்தது என்று எல்லோரும் அவரையே குற்றம் சொன்னார்கள். அடுத்த வருடமே, 1982இல், ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அந்தப் புண்ணுக்குப் பின்னால் இருந்த கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். 2005இல் நோபல் பரிசு வாங்கினார்கள். இன்றைக்கு இரண்டு வார மாத்திரையில் அந்தக் கிருமி போய்விடும். அதை நினைத்தால் இன்னமும் மனசு ஆறவில்லை.

உங்களுக்குச் செய்த ஆபரேஷன் நைனாவுக்குச் செய்ததன் வம்சம்தான், தெரியுமா? அல்சருக்காக வயிற்றைக் குறைத்துத் தைத்தவர்கள் இளைத்துப் போவதையும், மறுபடி எடை போடச் சிரமப்படுவதையும் பார்த்துத்தான் அமெரிக்காவில் ஐயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற சர்ஜன் 1966இல் எடை குறைக்கும் பைபாஸைத் தொடங்கினார். மூட்டை தூக்க வலு வேண்டிய நைனா இளைத்தது சாபம். 121 கிலோவில் மாடி ஏற முடியாத நீங்கள் இளைத்தது வரம். வயிறு மட்டும் ஒரே மாதிரி வயிறு. கல்யாண வீட்டில் பாயசம் குடித்துவிட்டு நைனா வேர்த்து விறுவிறுத்து, நெஞ்சு படபடத்து, பந்தலில் ஓரமாகப் படுத்துவிடுவார். சர்க்கரை வயிற்றில் தங்காமல் குடலுக்குள் மொத்தமாக இறங்குவதால் வருவது. உங்களுக்கும் வந்திருக்கும், நீங்கள் எழுதவில்லை.

எட்டு வருடம் நன்றாகத்தான் இருந்தார். இந்த வார்த்தையைக் கவனியுங்கள், உங்கள் கடிதத்திலும் இருக்கிறது. 1989இல் ஒரு சாயங்காலம் டி.எச். ரோட்டில் நானும் அவரும் வந்துகொண்டிருந்தோம். பின்னாலிருந்து ஒரு பையன் ‘பெரியவரே, பெரியவரே’ என்று ஓடி வந்தான். கையில் ஒற்றைச் செருப்பு. நைனா குனிந்து பார்த்தார். இடது காலில் செருப்பு இல்லை. கழன்று விழுந்ததும் தெரியவில்லை, வெறுங்காலில் ஒரு கடை தூரம் நடந்ததும் தெரியவில்லை. எதிரே டீக்கடையில் ஒருவர் ‘சாயந்திரமே ஏத்திட்டாரா’ என்றார். நைனா வாழ்நாளில் குடித்தவர் இல்லை. பையனிடமிருந்து செருப்பை வாங்கி, போட்டுக்கொள்ளாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வீடு வரை வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா ஒன்றைக் கண்டுபிடித்தாள். காலையில் அடிபம்பில் முகம் கழுவும்போது, சோப்பு போட்டுக் கண்ணை மூடியதும் நைனா பக்கவாட்டில் சாய்வார். கண் திறந்திருந்தால் நேராக நிற்பார். கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று பாதம் மூளைக்குச் சொல்லவில்லை. கண்தான் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. அதனால் அம்மா தினமும் ஒரு கையால் பம்பை அடித்து, மறு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொள்வாள். தெருவே பார்க்கும். இப்படி ஏழெட்டு மாதம் போனது.

கடைசியில் ஓர் இளம் டாக்டர் அவரை நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். கணுக்கால் எலும்பில் அதிரும் இரும்புக் கவையை வைத்து ‘தெரியுதா?’ என்றார். தெரியவில்லை. சட்டையைத் தூக்கித் தழும்பைப் பார்த்தார். அன்றைக்கே ஊசி தொடங்கியது. பி12 என்ற வைட்டமின் ஊசி. அந்த மருந்து ரோஸ்மில்க் போலச் சிவப்பாக இருக்கும். அதற்கு முன் சிவப்பு மருந்தை நான் பார்த்ததில்லை. நடை தேறியது. பாதத்தின் மரப்பு மட்டும் கடைசி வரைக்கும் போகவில்லை. நரம்பு அதிக நாள் பட்டினி கிடந்தால் முழுசாகத் திரும்பி வருவதில்லை.

இத்தனைக்கும் நைனா மீன் இல்லாமல் சோறு தொட்டவர் இல்லை. காசிமேட்டில் கரைக்கு வரும் எந்த மீனிலும் பி12 உண்டு. வாயில் போனால் போதுமா? வயிற்று அமிலம் அதை மீனிலிருந்து பிரிக்க வேண்டும். வயிற்றுச் சுவரில் சுரக்கும் ஒரு புரதம் அதைக் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும். சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் அது ரத்தத்தில் ஏறும். முதல் இரண்டு வேலைக்கும் அவரிடம் வயிறு போதவில்லை. உங்களிடம் இப்போது சாப்பாடு தங்குவது எலுமிச்சை அளவுப் பையில். மீன் தின்றவருக்கே அந்தக் கதி என்றால் முருங்கைக்கீரையை என்னவென்று சொல்ல? கீரையில் பி12 கிடையாதம்மா. முருங்கையில் இல்லை, பொன்னாங்கண்ணியில் இல்லை, எந்தக் கீரையிலும் இல்லை. கீரையில் இருக்கும் இரும்பும் முக்கியமாக ஏறுவது முன்சிறுகுடலில், அதைத்தான் பைபாஸ் தாண்டிப் போகிறது. கால்சியமும் அப்படியே.

ஹீமோகுளோபின் 12 என்று சாட்சி சொல்லாதீர்கள். ரத்தம் நன்றாக இருக்கும்போதே நரம்பு கெடலாம். கல்லீரலில் பி12 சில வருடத்துக்கான இருப்பு இருக்கும். வரவு நின்ற பிறகும் பழைய இருப்பில் வண்டி ஓடும், அதைத்தான் ‘நன்றாக இருக்கிறேன்’ என்கிறோம். பாதம் மதமதப்பது பழைய சர்க்கரையாலும் இருக்கலாம், சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையும் பி12ஐக் குறைக்கும். எது என்று ரத்தம்தான் சொல்லும். ஏசி சொல்லாது.

நைனாவின் சீட்டைப் பற்றி ஆரம்பித்தேனே. ஆபரேஷன் முடிந்து 1981இல் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்தது. எங்கள் வீட்டில் அப்போது இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆஸ்பத்திரிக் காகிதம் ஆயிற்றே, பத்திரமாக இருக்கட்டும் என்று அம்மா முருகன் படத்துக்குப் பின்னால் செருகினாள், பிறகு பெட்டிக்குப் போனது. இந்த வாரம் நான் அதை விரித்துப் படித்தேன். கடைசி வரியில், கிறுக்கலான கையெழுத்தில், பி12 ஊசி, மாதம் ஒரு முறை என்று எழுதியிருக்கிறது.

எங்கள் வீட்டில் படிக்கத் தெரியவில்லை. நீங்கள் படித்தவர். உங்கள் சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று தெரிந்தே நிறுத்தியிருக்கிறீர்கள். அதனால்தான் இத்தனை கோபம்.

இன்னும் சிலது. பைபாஸ் செய்த வயிற்றுக்குத் தலைவலி, முட்டிவலி மாத்திரைகளில் பல ஆகாது, தையல் போட்ட இடத்தில் புண் வரும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். தட்டில் மீனையும் முட்டையையும் முதலில் முடியுங்கள், இடம் மிஞ்சினால் சோறு. ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது போக வேண்டும், ஒரு முட்டையில் 6 கிராம்தான். இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், இரும்போடு டீயும் வேண்டாம். நாள் கணக்கில் வாந்தி நிற்கவில்லை என்றால் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பி1 வைட்டமின் வற்றிப்போனால் பார்வையும் புத்தியும் தடுமாறும்.

நீங்கள் சொல்லும் பொய் தப்பா என்று கேட்டிருந்தீர்கள். தெருவில் கேட்பவர்களுக்கு உங்கள் வயிற்றுக் கணக்கைக் காட்ட வேண்டியதில்லை. வாக்கிங் என்றால் வாக்கிங். குறுக்குவழி என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த 22 வயதுப் பெண் தெரு இல்லை. மூன்று மாதமாகப் பசியோடு உங்களை நம்பிக்கொண்டிருக்கிறாள். கஞ்சி குடித்தும் இறங்காத எடைக்குத் தன் மனவுறுதியைத்தான் திட்டிக்கொண்டிருப்பாள். அவளைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லுங்கள். தொங்கும் தோலையும் காட்டுங்கள், மாத்திரையை நிறுத்தியதையும் சொல்லுங்கள். அவள் ஆபரேஷன் செய்துகொள்வாளோ மாட்டாளோ, அது அவள் பாடு, அவள் டாக்டர் பாடு.

அதற்கு முன்னால் நாளைக் காலை ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போங்கள். பி12, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்பு இருப்பு), வைட்டமின் டி, கால்சியம் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வருடமாக நிறுத்தியிருந்ததை மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். இன்றிரவு முகம் கழுவும்போது வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். சோப்பு போட்டுக் கண்ணை மூடியதும் கை தானாகச் சுவரைத் தேடுகிறதா என்று அவர் பார்க்கட்டும். தேடினால் காலை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், எனக்குப் பதில் எழுதிக்கொண்டும் இருக்க வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்