இரண்டு சீட்டு, இரண்டு ஓட்டு: ஸ்காட்லாந்துத் தேர்தலில் பட்டியல் வாக்கு வீணாகுமா?

கேள்வி: நாங்கள் மூன்று வருடமாக கிளாஸ்கோவில் இருக்கிறோம். கணவருக்கு மருத்துவமனையில் வேலை. அவருடைய வேலை விசாவில்தான் குடும்பமே இங்கே இருக்கிறது. எல்லோருக்கும் இந்தியப் பாஸ்போர்ட். 2026 மே 7 அன்று நடக்கும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலில் எங்களுக்கும் ஓட்டு உண்டு என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்கிறார். உண்மையா? மகனுக்கு 16 வயது, அவனும் போடலாமாம். அப்புறம், இரண்டு வாக்குச்சீட்டு தருவார்களாமே? இரண்டாவதில் நமக்கு இரண்டாவதாகப் பிடித்த கட்சியைக் குறிக்க வேண்டுமா? கணவரோடு வேலை செய்யும் ஒருவர், "இரண்டு ஓட்டையும் ஒரே கட்சிக்குப் போட்டால் ஒன்று வீண்" என்கிறார். குழப்பமாக இருக்கிறது.

பதில்: பாட்டி சொன்னது சரி. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் செல்லுபடியாகும் விசாவோடு ஸ்காட்லாந்தில் வசித்தால் இந்தத் தேர்தலில் வாக்களிக்கலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாமே இதில் அடக்கம். பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியிருக்க வேண்டியதில்லை. 2020இல் வந்த ஒரு சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், சட்டப்படி இங்கே வசிக்கும் எந்த நாட்டவருக்கும் இந்த உரிமையைக் கொடுத்துவிட்டது. மகன் விஷயமும் உண்மைதான். ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு 2016 தேர்தலிலிருந்து 16 வயதே போதும். ஊரில் இருந்திருந்தால் இன்னும் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டியவன், இங்கே அப்பா அம்மாவோடு சேர்ந்தே வரிசையில் நிற்கலாம்.

ஆனால் உரிமை இருந்தால் போதாது, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். ஏப்ரல் 20 நள்ளிரவுக்குள் ஆன்லைனில் பதிந்துவிடுங்கள். வீட்டுக்கு ஒருவர் பதிந்தால் எல்லோருக்கும் ஆகிவிடாது. மூன்று பேரும் தனித்தனியாகப் பதிய வேண்டும். நேஷனல் இன்சூரன்ஸ் எண் கேட்பார்கள். மகனுக்கு அது இல்லாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம், வேறு ஆவணம் கேட்டு எழுதுவார்கள். பெயரைப் பதிந்தால் விசாவுக்கு ஏதாவது சிக்கல் வருமோ என்று நம்மவர்கள் பலர் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். சட்டம் கொடுத்த உரிமையைப் பயன்படுத்துவதால் விசாவுக்கோ இந்தியக் குடியுரிமைக்கோ ஒன்றும் ஆகாது. சொல்லப்போனால் வங்கிக் கடன் கேட்கும்போது வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது உதவவே செய்யும்.

வாக்குச்சாவடிக்குப் புகைப்பட அடையாள அட்டை வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். லண்டன் நாடாளுமன்றத் தேர்தலுக்கு வேண்டும், இதற்கு வேண்டாம். வீட்டுக்கு வரும் போலிங் கார்டைக்கூட மறந்துவிட்டுப் போகலாம். பெயரும் முகவரியும் சொன்னால் போதும்.

சரி, சீட்டுக்கு வருவோம். கடந்த முறை தொகுதிச் சீட்டு இளம் ஊதா நிறத்திலும் பட்டியல் சீட்டு பீச் நிறத்திலும் இருந்தன. முதலாவது நமக்குப் பழகியதுதான்: உங்கள் தொகுதியில் நிற்பவர்களில் ஒருவருக்கு ஒரு பெருக்கல் குறி. யாருக்கு அதிக ஓட்டோ அவர் ஜெயித்தார். இப்படி 73 தொகுதிகள். இரண்டாவது, பிராந்தியத்துக்கானது. ஸ்காட்லாந்தை எட்டுப் பிராந்தியங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஏழு இடங்கள், ஆக 56 வைத்திருக்கிறார்கள். இந்தச் சீட்டில் கட்சிகளின் பெயர்கள் இருக்கும், கூடவே சுயேச்சைகளும். கட்சிக்குத்தான் குறி போடுகிறீர்கள். அந்தக் கட்சியின் பட்டியலில் யார் முதலில், யார் இரண்டாவது என்பதைக் கட்சி முன்பே முடிவு செய்துவிடும். அதனால்தான் இதைப் பட்டியல் ஓட்டு என்கிறார்கள். இலங்கை நண்பர்கள் கட்சிக்குப் புள்ளடி போட்டுவிட்டுக் கீழே விருப்பு எண்களைத் தேடுவார்கள். இங்கே அது கிடையாது.

உங்கள் முதல் குழப்பம் இங்கேதான் இருக்கிறது. இரண்டாவது சீட்டு என்றால் இரண்டாவது விருப்பம் என்று பொருள் இல்லை. இரண்டுமே முதல் விருப்பம்தான், வெவ்வேறு கேள்விகளுக்கு. முதலாவது "உங்கள் தொகுதிக்கு யார்?" என்று கேட்கிறது. இரண்டாவது "சபையில் எந்தக் கட்சிக்கு எவ்வளவு பலம்?" என்று கேட்கிறது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் கனமான ஓட்டு. ஏன் என்று காட்ட, உங்கள் ஊர்க் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். பயப்பட வேண்டாம், பள்ளிக்கூட வகுத்தல் கணக்குதான்.

2021இல் கிளாஸ்கோ பிராந்தியத்தின் ஒன்பது தொகுதிகளையும் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி, அதாவது எஸ்.என்.பி., அள்ளிக்கொண்டது. பட்டியல் ஓட்டு எஸ்.என்.பி.க்கு 1,33,917, லேபருக்கு 74,088, கன்சர்வேடிவுக்கு 37,027, கிரீன் கட்சிக்கு 36,114. ஏழு இடங்களை இப்படிப் பங்கு போடுவார்கள்: ஒவ்வொரு கட்சியின் ஓட்டையும், அது ஏற்கெனவே ஜெயித்த இடங்களோடு ஒன்றைக் கூட்டி, அந்த எண்ணால் வகுக்க வேண்டும். பெரிய எண் யாருடையதோ அவருக்கு ஒரு இடம். மறுபடி கணக்கு, மறுபடி ஒரு இடம். விக்டர் டி ஹோண்ட் என்ற பெல்ஜியச் சட்ட அறிஞர் 19ஆம் நூற்றாண்டில் சொன்ன வழி இது.

எஸ்.என்.பி. கையில் ஒன்பது இடம் இருப்பதால் அதன் ஓட்டைப் பத்தால் வகுக்கிறார்கள்: 13,392. மற்றவர்கள் கையில் ஒன்றும் இல்லை, அவர்கள் ஓட்டு முழுசாக நிற்கிறது. முதல் இடம் லேபருக்கு. லேபர் ஓட்டு இப்போது பாதியாகி 37,044. கன்சர்வேடிவின் 37,027ஐ 17 ஓட்டில் தாண்டி இரண்டாவதும் லேபருக்கே. மூன்றாவது கன்சர்வேடிவ், நான்காவது கிரீன், ஐந்தும் ஆறும் லேபர். ஏழாவதில்தான் சுவாரஸ்யம். கன்சர்வேடிவின் பாதி 18,513. கிரீன் கட்சியின் பாதி 18,057. கடைசி இடம் கன்சர்வேடிவுக்குப் போனது. பட்டியலில் இன்னும் 914 ஓட்டு விழுந்திருந்தால் கிரீன் கட்சிக்கு இரண்டாவது இடம் கிடைத்திருக்கும். அதே சீட்டில் 'இன்டிபென்டன்ட் கிரீன் வாய்ஸ்' என்று வேறொரு கட்சி இருந்தது. அது கிளாஸ்கோவில் வாங்கியது 2,210. எத்தனை பேர் பெயரைப் பார்த்து ஏமாந்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கட்சிப் பெயரை முழுசாகப் படித்துவிட்டுக் குறி போடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு அதுதான் காரணம்.

முடிவில் பதினாறு இடங்களில் எஸ்.என்.பி. 9, லேபர் 4, கன்சர்வேடிவ் 2, கிரீன் 1.

இப்போது ஒரு கற்பனை. பட்டியல் ஓட்டு அப்படியே இருக்கட்டும், தொகுதிகளில் மட்டும் நான்கை லேபர் ஜெயித்ததாக வைத்துக்கொள்வோம். எஸ்.என்.பி.க்கு ஐந்து. வகுத்துப் பாருங்கள். லேபர் ஓட்டை ஐந்தால் வகுத்தால் 14,818, பட்டியலில் ஒரு இடமும் வராது. எஸ்.என்.பி. ஓட்டை ஆறால் வகுத்தால் 22,320, பட்டியலில் மூன்று இடம் வந்துவிடும். மொத்தம்: எஸ்.என்.பி. 8, லேபர் 4, கன்சர்வேடிவ் 2, கிரீன் 2. நான்கு தொகுதிகளைப் பிடித்தும் லேபரின் மொத்தம் நான்குதான்! தொகுதியில் வென்றதைப் பட்டியல் கழித்துக்கொண்டது. உண்மையான முடிவில் எஸ்.என்.பி. 43.6 சதவீத ஓட்டுக்கு 16இல் 9 இடம் வைத்திருந்ததும் கவனிக்க வேண்டியதே. தொகுதிகளில் ஒருவர் அளவுக்கு மீறி ஜெயித்துவிட்டால் அதைப் பிடுங்கும் அதிகாரம் பட்டியலுக்கு இல்லை. முழு விகிதாசாரம் என்று சிலர் சொல்வது மிகை.

உங்கள் கணவரின் நண்பர் பேசுவது முட்டாள்தனம் இல்லை. 2021இல் ஸ்காட்லாந்து முழுக்க எஸ்.என்.பி.க்கு விழுந்த பட்டியல் ஓட்டு ஏறத்தாழ 11 லட்சம், கிடைத்த பட்டியல் இடம் இரண்டு. கிரீன் கட்சிக்கு 2.2 லட்சம் ஓட்டுக்கு எட்டு இடம். தொகுதியெல்லாம் ஒரே கட்சி அள்ளும் பிராந்தியத்தில் அந்தக் கட்சிக்கான பட்டியல் ஓட்டு பெரும்பாலும் இடமாக மாறாது. கிளாஸ்கோவில் அன்று எஸ்.என்.பி. ஒரு பட்டியல் இடம் பிடிக்க இன்னும் ஐம்பதாயிரம் ஓட்டு வேண்டியிருந்தது.

ஆனால் இதெல்லாம் எண்ணி முடித்த பிறகு தெரிவது. சீட்டைக் கையில் வாங்கும்போது, உங்களுக்குப் பிடித்த கட்சி எத்தனை தொகுதி ஜெயிக்கும் என்பது உங்களுக்கும் தெரியாது, அந்த நண்பருக்கும் தெரியாது. 2019 பிரிட்டன் பொதுத்தேர்தலில் கிளாஸ்கோவின் ஏழு இடங்களும் எஸ்.என்.பி.க்கு, 2024இல் அங்கிருந்த ஆறு இடங்களும் லேபருக்கு. ஐந்தே வருடம். 2011இல் எஸ்.என்.பி. தனிப் பெரும்பான்மை பெற்றதே பட்டியலில் கிடைத்த 16 இடங்களால்தான். தொகுதியில் வென்றது 53, பெரும்பான்மைக்கு வேண்டியது 65. 2016இல் 59 தொகுதி வென்றும் பட்டியலில் நான்கே கிடைத்ததால் இரண்டு இடம் குறைவாக 63இல் நின்றது. பட்டியலில் மட்டும் நின்று கணக்கைச் சாதகமாக்கலாம் என்று 2021இல் எஸ்.என்.பி.யின் முன்னாள் தலைவர் அலெக்ஸ் சால்மண்ட், ஆல்பா என்ற புதுக் கட்சியோடு இறங்கிப் பார்த்தார். 1.7 சதவீதம், ஒரு இடமும் இல்லை. போதாக்குறைக்கு இந்தத் தேர்தலுக்குத் தொகுதி எல்லைகளையே மாற்றி வரைந்திருக்கிறார்கள். பழைய கணக்கை அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது.

ஆகவே என் ஆலோசனை: சபையில் அதிக பலத்தோடு இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கும் கட்சிக்கே பட்டியல் ஓட்டைப் போடுங்கள். தொகுதிச் சீட்டில் வேண்டுமானால் கணக்குப் பாருங்கள். உங்கள் கட்சிக்கு அங்கே வாய்ப்பே இல்லை என்றால், ஜெயிக்கக்கூடியவர்களில் தேவலாம் என்று தோன்றுபவருக்குப் போடலாம். இரண்டும் ஒரே கட்சிக்கு விழுந்தாலும் தவறில்லை, வேறு வேறு கட்சிக்கு விழுந்தாலும் தவறில்லை. மிகச் சிறிய கட்சி பிடித்திருந்தால் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: குறைந்தபட்ச சதவீதம் என்று சட்டத்தில் எதுவும் இல்லை, ஆனால் ஏழே இடம் என்பதால் 2021 கிளாஸ்கோவில் கடைசி இடத்துக்கு ஏறத்தாழ 6 சதவீதம் தேவைப்பட்டது. சுயேச்சைகளாலும் தாண்ட முடியாத அளவு அல்ல அது. மார்கோ மக்டொனால்ட் என்ற சுயேச்சை, லோதியன் பட்டியலில் 2003 முதல் தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தார்.

குறி போடுவதில் மட்டும் கவனம். ஒரு சீட்டுக்கு ஒரே பெருக்கல் குறி. 2007இல் இரண்டு ஓட்டையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக அச்சடித்தார்கள். பலர் இரண்டு குறியையும் ஒரே பத்தியில் போட்டார்கள். போதாததற்கு அதே நாளில் உள்ளாட்சித் தேர்தல், அதில் 1, 2, 3 என்று எண் போட வேண்டும். நாடாளுமன்ற ஓட்டில் மட்டும் 1,40,000க்கு மேல் செல்லாதவை ஆயின. அதன் பிறகு மறுபடி தனித்தனித் தாளுக்கே வந்துவிட்டார்கள். ஒரு சீட்டைக் காலியாக விட்டாலும் மற்றது எண்ணப்படும். நோட்டா கிடையாது.

காலை 7 முதல் இரவு 10 வரை நேரம் இருக்கிறது, கணவர் ஷிப்ட் முடிந்து வந்தும் போகலாம். உள்ளே போனால் இயந்திரமும் இருக்காது, விரலில் மையும் வைக்க மாட்டார்கள். மறைப்புக்குள் ஒரு பென்சில்தான் கிடக்கும். பென்சிலா என்று தயங்க வேண்டாம், அதுதான் இங்கே வழக்கம். மனசு கேட்காவிட்டால் சொந்தப் பேனாவை எடுத்துப் போங்கள், அதற்கும் தடையில்லை.