இறக்கிய அட்டவணையில் எழுத்து ஏன் பூச்சியாகிறது?

கேள்வி: சார், ஓர் இணையப் பக்கத்தில் இருக்கும் அட்டவணையை எக்செலுக்குக் கொண்டுபோக காப்பி-பேஸ்ட்டைத் தவிர வேறு வழி இருக்கிறதா?

பதில்: காப்பி-பேஸ்ட் என்றால் ஏன் இவ்வளவு இளக்காரம்? ஐம்பது அறுபது வரி என்றால் நானே இன்றும் அதைத்தான் செய்கிறேன். ஒட்டும்போது 'மேட்ச் டெஸ்டினேஷன் ஃபார்மேட்டிங்' என்று கொடுத்தால் பக்கத்தின் நிறமும் எழுத்துருவும் கூடவே வந்து தொல்லை பண்ணாது.

அதே அட்டவணை வாராவாரம் வேண்டும் என்றால் எக்செலில் 'டேட்டா' பகுதிக்குப் போய் 'ஃப்ரம் வெப்' என்பதில் பக்கத்தின் முகவரியைக் கொடுங்கள். அந்தப் பக்கத்தில் எத்தனை அட்டவணை என்று பட்டியல் காட்டும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். அடுத்த வாரம் 'ரெஃப்ரெஷ்' அழுத்தினால் போதும். கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு 'இம்போர்ட்எச்டிஎம்எல்' என்ற சூத்திரம் இருக்கிறது. முகவரி, 'டேபிள்' என்ற சொல், எத்தனையாவது அட்டவணை என்ற எண், இந்த மூன்றும் கொடுத்தால் சரி.

சில பக்கங்களில் இவை வெறுங்கையோடு திரும்பும். பக்கம் திறந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள் ஓடும் நிரல்) வந்து நிரப்புகிற அட்டவணை அது. கண்ணுக்குத் தெரியும், மூலக் குறிமுறையில் இருக்காது. அப்போது பழைய காப்பி-பேஸ்ட்தான் கைகொடுக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: திரையில் முதல் பத்து வரியைக் காட்டிவிட்டு 'அடுத்தது' பொத்தான் வைத்திருப்பார்கள். 'எல்லாம்' என்று மாற்றாமல் நகலெடுத்தால் பத்து வரிதான் வரும்.

கேள்வி: சிஎஸ்வி கோப்பாக, அதாவது கட்டங்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் வெறும் எழுத்துக் கோப்பாக, இறக்கினேன். எக்செலில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் ஏதோ பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கின்றன. கோப்பு கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. இதே கோலத்தைப் பார்த்துப் பயந்து, கணக்குப் பிரிவில் இருந்த காலத்தில் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து இருநூறு பெயர்களைத் திரும்பத் தட்டச்சு செய்தவன் நான். மறுநாள் அதே கோப்பைத் தற்செயலாக நோட்பேடில் திறந்தேன். தமிழ் அப்படியே அழகாக உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

நடப்பது இதுதான். எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட் (கணினி நினைவகத்தின் சிறு அலகு) இடம் பிடிக்கும். சிஎஸ்வியை இரட்டைக் கிளிக் செய்தால் எக்செல் அதை விண்டோஸின் பழைய குறியாக்கம் என்று நினைத்து, ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் காட்டிவிடும். 'க' மூன்று குப்பையாக உடையும். இரட்டைக் கிளிக் வேண்டாம். வெற்று எக்செலைத் திறந்து, 'டேட்டா', 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகக் கோப்பைக் கொடுத்து, 'ஃபைல் ஆரிஜின்' என்ற இடத்தில் 65001 யூனிகோட் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள்.

அதற்குள் பூச்சியாகத் தெரிந்த கோப்பை 'சேவ்' செய்துவிடாதீர்கள். செய்தால் அந்தக் குப்பையே நிலைத்துவிடும்.

அந்தப் பெட்டியிலேயே 'டேட்டா டைப் டிடெக்‌ஷன்' என்றும் ஒன்று இருக்கும். அதில் 'கண்டறிய வேண்டாம்' என்ற தேர்வைக் கொடுங்கள். இல்லாவிட்டால் 007 என்ற எண் 7 ஆகும். ஆட்டத்தின் முடிவு 2-1 என்பது தேதியாகிவிடும். 16 இலக்க எண்ணில் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், ஏனென்றால் எக்செல் 15 இலக்கம்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். நீங்கள் மட்டும் மாட்டவில்லை. மார்ச், செப்டம்பர் என்பதன் சுருக்கம்போல் இருந்த மனித மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், 2020-ல் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். மென்பொருளுக்காக மரபணு வளைந்துகொடுத்தது!

கேள்வி: எங்கள் சங்கத்தின் வலைத்தளத்தில் 'எக்செலாக இறக்கு' பொத்தான் வைத்தோம். திறக்கும்போது 'கோப்பின் வடிவமும் பெயர் நீட்டிப்பும் பொருந்தவில்லை' என்று எச்சரிக்கை வருகிறது. ஏன்?

பதில்: உங்கள் நிரலர் குறுக்குவழியில் போயிருக்கிறார். அட்டவணையின் எச்டிஎம்எல் குறிமுறையை, அதாவது வலைப்பக்கம் எழுதப்படும் மொழியை, அப்படியே எழுதி, பெயருக்குப் பின்னால் எக்செலின் பழைய நீட்டிப்பான எக்ஸ்எல்எஸ் என்று ஒட்டியிருப்பார். எக்செல் திறந்து பார்க்கிறது, உள்ளே இருப்பது வலைப்பக்கம், கத்துகிறது. நிஜமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு என்பது ஒரு ஜிப் மூட்டை. நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு கோப்பின் நகலை எடுத்து, நீட்டிப்பை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள் வரிசையாக இருக்கும். அதை உருவாக்கித் தர இலவச நிரலகங்கள் (தயாராக இருக்கும் நிரல் தொகுப்புகள்) இருக்கின்றன, அவரை அவற்றைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

அவ்வளவு வேண்டாம், சிஎஸ்வி போதும் என்றால் அவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். தமிழ் சிதையாமல் இருக்க கோப்பின் தொடக்கத்தில் 'பாம்' எனப்படும் 3 பைட் அடையாளம் வைத்தாரா? காற்புள்ளி உள்ள கட்டத்தை இரட்டை மேற்கோளுக்குள் போட்டாரா? இல்லையென்றால் முகவரியில் ஒரு காற்புள்ளி வந்ததுமே அந்த வரி ஒரு கட்டம் தள்ளிப்போகும். மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. உறுப்பினர்கள் தாங்களே தட்டிய விவரம் சமன் குறியில் தொடங்கினால் எக்செல் அதைச் சூத்திரமாக எடுத்து இயக்கப் பார்க்கும். விஷமக்காரர்களுக்கு அது ஒரு வாசல். கூட்டல், கழித்தல், 'அட்' குறியில் தொடங்கினாலும் இதே கதைதான்.

பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தை மட்டும் தொடவே வேண்டாம். அதில் 65,536 வரிதான் கொள்ளும், புதியதில் 10,48,576. 2020-ல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு பழைய வடிவத்தில் கொரோனா முடிவுகளைக் கொட்டி, மிஞ்சிய வரிகள் விழுந்து, 15,841 தொற்றுகள் சில நாட்கள் கணக்கிலேயே வராமல் போயின.

கேள்வி: அட்டவணையே படமாக இருந்தால்?

பதில்: எக்செலில் 'ஃப்ரம் பிக்சர்' வசதி இருக்கிறது. எண்களை ஒன்றுக்கு இரண்டு முறை படத்தோடு ஒப்பிடுங்கள். 1-க்கும் 7-க்கும் அதற்கு அடிக்கடி சண்டை.