டிரை-கேட்ச் போட்டும் ஏஎஸ்பி.நெட் பக்கம் ஏன் பிழைத் திரை காட்டுகிறது?

ஏஎஸ்பி.நெட் (வலைத்தளம் கட்ட மைக்ரோசாஃப்ட் தரும் கருவி) பக்கத்துக்குள் டிரை-கேட்ச், அதாவது ஓடும்போது வரும் பிழையைப் பிடித்துச் சமாளிக்கும் பகுதி, போட்டும் மஞ்சள் பிழைத் திரை வந்தால், அது கம்பைல் பிழையாக இருக்கலாம். அதாவது நீங்கள் எழுதிய நிரலை ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றும்போதே சர்வர் தடுக்கி நிற்கிறது: ஒரு அடைப்புக்குறி விடுபட்டிருக்கும், இல்லாத வேரியபிளைக் கூப்பிட்டிருப்பீர்கள். மாற்றி முடித்து ஓடும்போது விழுந்தால், டேட்டாபேஸ் பதில் தராதது மாதிரி, அது ரன்டைம் பிழை.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடை. ஆர்டர் சீட்டில் "மீ கோரெங், கேஸ் தீர்ந்தால் பக்கத்து அடுப்பில் போடு" என்று எழுதியிருக்கிறது. பாதியில் கேஸ் தீர்ந்தால் அந்தக் குறிப்பு கைகொடுக்கும். கையெழுத்தே புரியவில்லை என்றால் சமையற்காரர் வாணலியையே எடுக்கமாட்டார், குறிப்பும் அதே சீட்டில்தானே கிடக்கிறது! டிரை-கேட்சும் அப்படித்தான், ஓடாத நிரலுக்குள் இருந்து எதையும் பிடிக்காது.

அதனால் பிடிப்பதைப் பக்கத்துக்கு வெளியே வையுங்கள்: தளம் முழுவதுக்குமான குளோபல்.ஏஎஸ்ஏஎக்ஸ் கோப்பில், பிடிபடாத பிழை வந்தால் ஓடும் அப்ளிகேஷன்_எரர், அப்புறம் தளத்தின் அமைப்புக் கோப்பான வெப்.கான்ஃபிக்கில், மஞ்சள் திரைக்குப் பதில் உங்கள் பக்கத்தைக் காட்டும் கஸ்டம்எரர்ஸ். அதைவிட நல்லது, தளத்தை ஏற்றுமுன்பே எல்லாப் பக்கங்களையும் கம்பைல் செய்து பார்த்துவிடுவது.

பில்ட் (புராஜெக்டை முன்கூட்டியே கம்பைல் செய்யும் படி) வெற்றி என்று வந்தால் கம்பைல் பிழை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வெப் அப்ளிகேஷன் புராஜெக்டில் ஏஎஸ்பிஎக்ஸ் என்ற பக்கக் கோப்புக்குள்ளேயே எழுதிய நிரலை வழக்கமான பில்ட் பார்ப்பதில்லை, முதல் ஆள் பக்கத்தைத் திறக்கும்போதுதான் அது கம்பைல் ஆகிறது.